தேங்காய் நார்த்தூள் கட்டி

தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும்போது உதிரும் தூளைச் சலித்து, கழுவி, வெயிலில் உலர்த்தி, இயந்திரத்தில் அழுத்திச் செய்யப்படும் செடி வளர்ப்பு ஊடகம். சந்தையில் ‘கோகோ பீட்’ என்ற பெயரில் விற்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்து மட்டை மில்களில் சுருக்கமாகப் ‘பித்’ என்பார்கள். இலங்கைத் தமிழர் நாரைத் தும்பு என்பதால் அங்கே இது தும்புத்தூள். பரவலாக விற்பனையாகும் கட்டி ஐந்து கிலோ எடையுள்ளது. ஓரடி நீளம், ஓரடி அகலம், அரையடிக்கும் குறைவான கனம். தண்ணீரில் ஊறவைத்தால் அதே கட்டி 65 முதல் 75 லிட்டர் வரை கொள்ளளவுள்ள, மண்ணைப் போன்ற பழுப்புநிறப் பொருளாக விரியும்.

மட்டைக்குள் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் சோறு போன்ற திசுவே இந்தத் தூள். எடையில் பார்த்தால் நாரைவிட இதுவே அதிகம். ஆயிரம் மட்டையை அடித்தால் 80 கிலோ அளவுக்கு நார் கிடைக்கும். தூள் அதைப்போல இரு மடங்கு விழும். அதன் ஒவ்வொரு துகளிலும் நுண்ணிய கண்ணறைகள் நிறைந்திருப்பதால் தன் எடையைப் போல எட்டு மடங்கு வரை நீரைப் பிடித்து வைக்கிறது. அப்படி நிறைந்த பிறகும் பெரிய துளைகளில் காற்று தங்குகிறது. வேருக்கு நீரும் காற்றும் ஒரே நேரத்தில் கிடைக்கச் செய்வது எளிதல்ல. களிமண்ணில் காற்று குறையும், மணலில் நீர் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் நார்த்தூளின் சிறப்பு. இதில் லிக்னின் மிகுதி. நுண்ணுயிர்கள் அதை மெதுவாகவே சிதைப்பதால், தொட்டியில் இட்ட தூள் சில ஆண்டுகள் வரை அமுங்கிப் போகாமல் நிற்கும்.

தென்னை வளர்ப்பவர்களுக்கு மட்டையின் நீர்பிடிக்கும் குணம் புதிய செய்தி அல்ல. தோப்பில் மரங்களுக்கிடையே நீளவாக்கில் குழி எடுத்து, உரித்த மட்டைகளைக் குழிவுப் பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, மண்ணால் மூடும் வழக்கம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நெடுங்காலமாக உண்டு. மழைநீரை அந்த மட்டைகள் பிடித்து வைத்து, கோடையில் வேருக்குக் கொடுக்கும். ஒருமுறை புதைத்தால் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பலன் இருக்கும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் இன்று இதையே பரிந்துரைக்கிறது. ஆனால் அது மட்டை முழுசாக மண்ணுக்குத் திரும்பும் முறை. தூளைத் தனியாகப் பிரித்துப் பயன்படுத்தும் கதை கயிற்றுத் தொழிலோடு தொடங்குகிறது.

1859இல் ஜேம்ஸ் டாரா, ஹென்றி ஸ்மெயில் இருவரும் ஆலப்புழையில் கயிற்றுப் பாய் நெய்யும் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே அந்தக் கடற்கரை முழுவதும் கயிறு திரித்தல் குடிசைத் தொழிலாக இருந்தது. பச்சை மட்டைகளைக் காயல் நீரில் ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை அழுகப் போட்டு, வெளியே எடுத்துக் கட்டையால் அடித்து, பெண்கள் நாரைப் பிரித்தார்கள். நார் கயிறாயிற்று, பாயாயிற்று, கப்பலேறியது. தூள் காயல் கரையிலேயே குவிந்து கிடந்தது. காயல் உப்பும் அதில் ஏறியது. நார்த்தூளின் பிற்கால வரலாறு முழுக்க இந்த உப்போடு நடத்திய போராட்டம் என்றே சொல்லலாம்.

அதே காலத்தில் இங்கிலாந்து இந்தத் தூளுக்கு ஒரு பயனைக் கண்டுபிடித்தது. கப்பலில் வந்த மட்டைகளிலிருந்து நார் எடுக்கும் ஆலைகள் லண்டனைச் சுற்றி இயங்கின. அவற்றின் கழிவை 1860களில் தோட்டக்கலைப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து மூட்டையாகவும் ரயில் பெட்டிக் கணக்கிலும் விற்றார்கள். தேம்ஸ் நதிக்கரை கிங்ஸ்டன் நகரம் இந்த விற்பனைக்குப் பேர் பெற்றிருந்தது. கண்ணாடி வீடுகளில் தொட்டிகளைப் புதைத்து வைக்கவும், பதியன் வேர்விடவும், குளிர்காலத்தில் கிழங்குகளை மூடிக் காக்கவும் தோட்டக்காரர்கள் இதை வாங்கினார்கள். ஆனால் அந்தப் புகழ் நீடிக்கவில்லை. 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னெஸ் ஆய்வு நிலையம் வண்டல், பீட், மணல் ஆகியவற்றை அளவோடு கலந்து தொட்டி மண் தயாரிக்கும் சூத்திரங்களை வகுத்தது. அதன்பின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் கார்னெல் பல்கலைக்கழகமும் பீட்டை மையமாக வைத்த கலவைகளை உருவாக்கின. ஐரோப்பிய, வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசி மட்கிச் சேர்ந்த அந்தக் கரிமண், வெட்டினால் கிடைக்கும், மலிவு, எங்கே எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே தன்மை. கடல் கடந்து வரும் உப்புத் தூளால் அதனோடு போட்டியிட முடியவில்லை.

1949இல் ‘எகனாமிக் பாட்டனி’ ஆய்விதழில் இ.பி. ஹியூம் நார்த்தூளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். தலைப்பிலேயே ‘கோகோபீட்’ என்ற பெயரை இட்டு, தென்னையின் பயனுள்ள துணைப்பொருள் என்று முன்வைத்தார். அடுத்த முப்பது ஆண்டுகள் அதற்குப் பெரிய விளைவு எதுவும் இல்லை.

தூள் மட்டும் மலையாகிக்கொண்டே இருந்தது. இயந்திரத்தில் மட்டையை அடித்து நார் எடுக்கும் ஆலைகள் இலங்கையின் குருநாகல், புத்தளம் வட்டாரத்திலும், பின்னர் பொள்ளாச்சி, உடுமலை, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களிலும் பெருகின. மாதக்கணக்கில் அழுகப் போட வேண்டியதில்லை, உற்பத்தி வேகம் பிடித்தது, கழிவும் அதே வேகத்தில் குவிந்தது. சாலையோரங்களில் பல தலைமுறைத் தூள் மேடுகள் நின்றன. காற்றடித்தால் ஊரெங்கும் தூசி. மழை பெய்தால் மேட்டிலிருந்து வழியும் செந்நிறச் சாயநீர் கிணற்றில் இறங்கும். கோடையில் தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும்.

திருப்பம் 1980களில் வந்தது. நெதர்லாந்தின் பசுமைக்குடில் விவசாயிகள், முதலில் ரோஜா, லில்லி போன்ற மலர்களில், நார்த்தூளைச் சோதித்துப் பார்த்தார்கள். மண்ணில்லா வேளாண்மைக்கு அவர்கள் பயன்படுத்திய பாறைக் கம்பளியைப் பயிர் முடிந்ததும் அப்புறப்படுத்துவது பெரும் தலைவலியாக இருந்தது. நார்த்தூளோ மட்கும். அதே சமயம் பிரிட்டனில் பீட் வெட்டுவதற்கு எதிரான குரல் வலுத்தது. உலகத் தரைப்பரப்பில் சுமார் மூன்று விழுக்காடே உள்ள பீட் நிலங்கள், மண்ணில் தங்கியுள்ள கார்பனில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும் பீட்டை இயந்திரத்தால் சுரண்டி எடுத்துப் பூந்தொட்டியில் போடுவது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. பி.பி.சி.யின் ‘கார்டனர்ஸ் வேர்ல்டு’ நிகழ்ச்சியை நடத்திய ஜெஃப் ஹாமில்டன் அந்தக் கேள்வியை வீட்டுத் தோட்டக்காரர்களிடம் கொண்டுசேர்த்தார். அயர்லாந்தின் அரசு நிறுவனமான போர்ட் நா மோனா 2021 ஜனவரியில் பீட் அறுவடையை முற்றிலும் நிறுத்தியது. 2022இல் பிரிட்டன் அரசு வீட்டுத் தோட்டங்களுக்கான பீட் விற்பனைக்குத் தடை விதிப்பதாக அறிவித்தது. அந்தச் சட்டம் குறித்த காலத்தில் வரவில்லை.

இந்தத் தேவையையும் தென்னை நாடுகளின் தூள் மேட்டையும் இணைத்தது அழுத்தும் இயந்திரம். இதைத்தான் இந்த வரலாற்றின் நடுப்புள்ளி என்று கருத வேண்டும். உலர்ந்த தூள் மிக லேசானது. அப்படியே கப்பலில் ஏற்றினால் பெட்டியில் பெரும்பகுதி காற்றுக்குத்தான் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். ஐந்தில் ஒரு பங்காக அழுத்திய பிறகு நாற்பதடிக் கப்பல் பெட்டியில் 24 டன் வரை ஏற்ற முடிந்தது. பசை எதுவும் சேர்ப்பதில்லை. ஈரம் 15 விழுக்காடு அளவுக்கு இறங்கியிருந்தால் அழுத்தமே கட்டியைப் பிடித்து நிறுத்தும். ஈரம் கூடினால் கட்டி விண்டுபோகும், பூஞ்சை பிடிக்கும்.

அறிவியல் சான்றும் சேர்ந்தது. 1994இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆலன் மீரோ ‘ஹார்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் சோதித்த செடிகளில் ஒன்று நம் வீட்டு வாசலில் பூக்கும் இட்லிப்பூ, அதாவது வெட்சி. மற்றொன்று பென்டாஸ். கோரைப் பீட்டைவிட நார்த்தூளில் இரண்டும் நன்றாக வளர்ந்தன. பாசிப் பீட்டோடு ஒப்பிட்டபோது பென்டாஸில் வேறுபாடு இல்லை. இட்லிப்பூ சற்றுப் பின்தங்கியது. தூளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று மீரோ விளக்கம் சொன்னார். கோகோ பீட்டில் நட்ட செடி வெளுத்துப்போகிறது என்று மாடித் தோட்டக்காரர்கள் இன்று சொல்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். தூளில் செடிக்கான சத்து மிகக் குறைவு. அது வேருக்கு இடமும் நீரும் தரும், உணவை நாம்தான் சேர்க்க வேண்டும்.

உப்பின் பிரச்சினை இதைவிட நுட்பமானது. தூளில் ஒட்டியிருக்கும் குளோரைடு உப்பு சாதாரண நீரில் கழுவினால் போய்விடும். ஆனால் பொட்டாசியமும் சோடியமும் துகள்களின் பரப்பில் மின்னூட்டத்தால் பற்றிக்கொண்டிருக்கும். நீர் மட்டும் அவற்றை அசைக்காது. அப்படியே செடி நட்டால், நாம் ஊற்றும் உரக்கரைசலிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தூள் பிடித்துக்கொண்டு, சோடியத்தை வேருக்கு விட்டுவிடும். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவது கால்சியம் குறைந்ததன் அடையாளம். ஆகவே தூளைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, பிறகு நல்ல நீரில் அலசுகிறார்கள். இதற்குப் பஃபரிங் என்று பெயர். ஐரோப்பியக் கொள்முதலாளர்கள் தூளின் நிறத்தைவிட முதலில் பார்ப்பது மின்கடத்துத் திறனை. மில்களில் இதை ‘ஈசி’ என்பார்கள். ‘லோ ஈசி’ என்றால் 0.5 மில்லி சீமன்ஸுக்குக் கீழே. கழுவாத ‘ஹை ஈசி’ சரக்கு விலை குறைவு.

பொள்ளாச்சி வட்டாரத்து மில் ஒன்றில் மாசி, பங்குனி வெயிலில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கட்டியல்ல, களம். ஏக்கர் கணக்கில் சிமென்டுத் தளம், அதன்மேல் விரலளவு கனத்தில் பரப்பிய பழுப்புத் தூள். டிராக்டரின் பின்னால் பூட்டிய பலகைச் சீப்பு அதைக் கோடுகோடாகப் புரட்டிச் செல்லும். முகத்தில் துணி சுற்றிய பெண்கள் ஓரங்களைக் கூட்டிச் சேர்ப்பார்கள். உலர்ந்த தூளைச் சல்லடை உருளையில் விட்டு நீண்ட நாரைப் பிரித்து, எடை போட்டு, அச்சில் கொட்டுவார்கள். ஹைட்ராலிக் தண்டு ஒருமுறை இறங்கி ஏறினால் கட்டி வெளியே வரும். வானம் கறுத்தால் எல்லாரும் தார்ப்பாயோடு ஓடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேலை பாதி நின்றுபோகும்.

இங்கிருந்து தூத்துக்குடி துறைமுகம் வழியாகச் சரக்கு உலகெங்கும் போகிறது. 2020-21இல் இந்தியாவின் கயிற்றுப் பொருள் ஏற்றுமதி சுமார் 3,779 கோடி ரூபாய். அதில் நார்த்தூள் மட்டும் 1,921 கோடி. பாய், கயிறு, கம்பளம் அனைத்தையும் சேர்த்தாலும் ஒரு காலத்தில் கழிவென்று கொட்டிய பொருளின் வருவாயை எட்டவில்லை.

உள்நாட்டில் தூளுக்கு வழி காட்டியவை ஆய்வு நிறுவனங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக் காளானின் வித்தையும் யூரியாவையும் அடுக்கடுக்காகத் தூவி, நார்த்தூளை மட்க வைக்கும் முறையைப் பரப்பியது. காளான் லிக்னினைச் சிதைத்து, கார்பன்-தழைச்சத்து விகிதத்தை நூற்றுக்கு மேலிருந்து 24 அளவுக்கு இறக்கிவிடும். ஆலப்புழையை அடுத்த கலவூரிலுள்ள மத்திய கயிறு ஆராய்ச்சி நிலையம் இதே வேலைக்குப் ‘பித்பிளஸ்’ என்ற காளான் வித்துக் கலவையை உருவாக்கியது. பெங்களூர் ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ‘அர்கா’ என்ற பெயரில் நொதிக்க வைத்த கோகோ பீட்டைத் தந்தது.

ஓசூர், ராயக்கோட்டைப் பக்கத்து நாற்றங்கால்களில் மேட்டுப்பாத்தி ஏறக்குறைய மறைந்துவிட்டது. 98 குழிகள் கொண்ட தட்டு ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான தூள். குழிக்கு ஒரு விதை. நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுவதில்லை, தூளோடு உருண்டையாக வரும். விதைக்கு விலை கொடுத்து வாங்கும் விவசாயிக்கு இது பெரிய ஆறுதல். நகரத்துக்கு இதைக் கொண்டுவந்தது மாடித் தோட்டம். 2013-14இல் தமிழ்நாடு அரசு ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற பெயரில் சென்னையிலும் கோவையிலும் கொடுத்த பொருள்தொகுப்பில் நார்த்தூள் கட்டியும் இருந்தது. மொட்டை மாடி தாங்கும் எடை குறைவு என்பதால் மண்ணைவிட இது பொருத்தமானது. கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி ஒன்றிரண்டு முறை அலசி, மண்புழு உரமும் கொஞ்சம் செம்மண்ணும் கலந்தால் கீரைக்கும் கத்தரிக்கும் போதும்.

வடித்த தண்ணீரில் போன உப்பு என்னாகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் மிகக் கடினமான கேள்வி. வீட்டில் ஒரு வாளித் தண்ணீர். மில்லில் நாள்தோறும் தொட்டி தொட்டியாக. ஐரோப்பாவின் சதுப்பு நிலத்தைக் காப்பாற்றப் போகும் கட்டியிலிருந்து கழுவி எடுத்த சோடியமும் சாயநீரும், சரியாகக் கையாளாவிட்டால், பொள்ளாச்சியின் நிலத்தடி நீரிலேயே தங்கிவிடும். கிணற்று நீர் நிறம் மாறியதாக ஊர்மக்கள் கொடுத்த புகார்களுக்கு இடையே, 2021இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கயிற்று ஆலைகளை மாசற்ற தொழில்களின் வெள்ளைப் பட்டியலிலிருந்து ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. சிறு மில்காரர்கள் எதிர்த்தார்கள். உலர் முறையில் நார் மட்டும் எடுப்பவர்களையும் தூள் கழுவுபவர்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு, ஏனென்றால் நீரைக் கெடுப்பது கழுவும் வேலைதான். கசியாத தளம் போட்டு, கழுவிய நீரைச் சேர்த்து, மீண்டும் முதல் அலசலுக்குப் பயன்படுத்தும் மில்கள் இருக்கின்றன. அந்த நீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. தென்னை மண்ணிலிருந்து மிகுதியாக எடுக்கும் சத்தும் அதுதான். ஆனால் அதைத் தென்னைக்குப் பாய்ச்சுவதானால், கூடவே சோடியமும் இருப்பதால் அளந்து நீர்க்கச் செய்துவிட வேண்டும், மண்ணையும் கிணற்றையும் தொடர்ந்து சோதிக்க வேண்டும். கட்டியின் ஈசியை அளக்கும் அதே கருவி இதற்கும் உதவும்.