பெத்தேகம (திரைப்படம்)

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய சிங்களத் திரைப்படம் (1980). பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில், அம்பாந்தோட்டைக் காட்டுக்குள் சேனை வெட்டி, அதாவது காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டு, பிழைத்த ஒரு குடும்பம் அழிந்துபோன கதை.

மூலக்கதை, லெனாட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’ நாவல். 1904இல் இலங்கை சிவில் சேவைக்கு வந்த வுல்ஃப், யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் கடமையாற்றிய பின், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். அங்கு நீதவானாக வழக்குகளை விசாரித்ததும் அவர்தான். அரசாங்கத்தின் கை குடிசைவரை எப்படி நீளும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தக் கை நீண்டது நிலச் சட்டத்தின் வழியாக. அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டம், பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலத்தில் குடியேறியவர்களுக்கு 160 ஏக்கர் வீதம் கொடுத்தது. அந்த எல்லைப்புறத்தைக் காட்டும் படங்கள் பலவற்றில் மனிதன் காட்டை வெல்கிறான். இலங்கையிலோ 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரிய காணி என்றது. அப்பன் பாட்டன் வெட்டிய சேனைக்கே அனுமதி கேட்கவேண்டிய நிலை. அந்த அனுமதிக்கு வழி ஊர்த் தலைவன்.

படத்தின் வேட்டைக்காரன் சிலிந்து (ஜோ அபேவிக்ரம) அந்த ஊர்த் தலைவனின் பகையைத் தேடிக்கொள்கிறான். அனுமதி மறுக்கப்படுகிறது, கடன் ஏறுகிறது, மருமகன் பாபுன் (விஜய குமாரதுங்க) பொய் வழக்கில் சிறைக்குப் போகிறான். சிலிந்து துவக்கை எடுக்கிறான். ஊர்த் தலைவனும் வட்டிக்காரனும் சாகிறார்கள். கடைசியில் மகள் புஞ்சி மெனிக்கா (மாலினி பொன்சேகா) தனித்து நிற்க, காடு ஊரை விழுங்குகிறது. வுல்ஃபை ஒத்த வெள்ளைக்கார நீதவானாக வருபவர், கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். நீதவான் இரக்கமுள்ளவர்தான், ஆனாலும் அவர் பேனாவால் பாபுனைக் காப்பாற்ற முடியவில்லை. கதையின் ஆழமான இடம் இதுவே.

பீரிஸ் வெள்ளவத்தைக்கு அடுத்த தெஹிவளையில் 1919இல் பிறந்து, பம்பலப்பிட்டி புனித பேதுரு கல்லூரியில் படித்தவர். அரசாங்கத் திரைப்படப் பிரிவை விட்டு விலகி, அக்காலச் சிங்களப் படங்கள் பின்பற்றிய தென்னிந்திய ஸ்டூடியோக்களின் பாணியையும் உதறி, 1956இல் ‘ரேகாவ’வைத் திறந்தவெளியில் சுயாதீனமாக எடுத்தார். அந்தப் பழக்கம்தான் பெத்தேகமவின் வறண்ட காட்டை வெறும் பின்னணியாக விடாமல் பாத்திரமாக்கியது. அவர் 2018இல் மறைந்தார். கொழும்பின் டிக்மன்ஸ் வீதி இன்று அவர் பெயரில் இருக்கிறது.

இப்படத்தைப் பார்க்கும் தமிழர், வன்னிக் காட்டோரத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) நாவலையும் கட்டாயம் சேர்த்து வாசிக்கவேண்டும்.