சௌனா

சௌனா: பின்லாந்திலும் அதனை அடுத்த பால்டிக் பிரதேசங்களிலும் தொன்றுதொட்டு வழங்கிவரும் வெப்ப நீராட்டு முறைக்கும், அதற்கென்றே எழுப்பப்படும் மரக்குடிலுக்கும் பொதுவான பெயர். பின்னிய மொழியிலிருந்து பிற மொழிகள் எடுத்தாண்ட சொற்களுள் இவ்வளவு தூரம் பரவியது வேறொன்று இல்லை எனலாம். ஆயினும் சொல் சென்ற இடமெல்லாம் பொருளும் கூடச் சென்றதாகத் தெரியவில்லை. அந்நிய நாட்டு விடுதிகளில் இப்பெயர்ப்பலகையின் கீழ்ச் சூடேற்றிய அறையொன்றில் மனிதர் வியர்வை சொட்ட வாளா அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். பின்னியர்களோ, காய்ந்த கல்லின்மேல் நீர் வார்க்காத நீராட்டைச் சௌனா என்று ஒப்புக்கொள்வதில்லை.

கல்லில் நீர் பட்டவுடன் சீறி எழும் வெம்மைக்கு அவர்கள் 'லொய்லு' என்று பெயரிட்டிருக்கின்றனர். இச்சொல்லின் ஆதிப்பொருள் உயிர், மூச்சு என்பதாகும். உறவுமொழியாகிய ஹங்கேரிய மொழியில் இதே வேரிலிருந்து பிறந்த 'லேலெக்' என்னும் சொல் இன்றும் ஆன்மாவையே குறிக்கிறது. பிறமொழியாளர் பலர் இதைக் கேட்டு வியப்பதுண்டு. கொதிக்கும் நீரிலிருந்து எழுவதையும் உடலைவிட்டுப் பிரிவதையும் 'ஆவி' என்னும் ஒரே சொல்லால் சுட்டிப் பழகிய தமிழருக்கு இதில் வியக்க அதிகமில்லை.

சௌனாவின் காற்று பெரும்பாலும் 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை காய்ந்திருக்கும். நீர் கொதிக்கும் நிலையை எட்டும் இவ்வுஷ்ணத்தை மனித சரீரம் சிறிது நேரம் பொறுப்பதற்குக் காரணம், அக்காற்றில் ஈரம் மிகக் குறைவாயிருப்பதனால் வியர்வை உடனுக்குடன் உலர்ந்து தோலைக் குளிர்விப்பதே. 'கியுவாஸ்' எனப்படும் கல்லடுப்பின்மேல் ஒரு கரண்டி நீரை வார்த்ததும் இந்நிலை மாறுகிறது. எழுந்த ஆவி ஒப்பீட்டளவில் குளிர்ந்த தோலின்மேல் படிந்து மீண்டும் நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை அங்கேயே விட்டுவிடுவதால், வெம்மை அலையொன்று முதுகின்மீது புரண்டு செல்வதுபோல் தோன்றும். மேல்தட்டில் அமர்ந்தவருக்கு இது கடுமையாகவும், கீழ்த்தட்டில் அமர்ந்தவருக்கு மிதமாகவும் படும். ஆகையால் குழந்தைகளையும் புதியவர்களையும் கீழே அமர்த்துவர்.

ஆதியில் சௌனா என்பது குன்றின் சரிவில் குடைந்து கற்குவியலொன்றைக் கனலவைத்த குழியே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அதன்பின் பல நூற்றாண்டுகள் வழக்கிலிருந்தது புகைச் சௌனா. மரத்துண்டங்களை அடுக்கிக் கட்டிய இக்குடிலுக்குப் புகைபோக்கி கிடையாது. கற்குவியலின் அடியில் பல மணி நேரம் விறகெரித்து, புகை முழுவதையும் அறைக்குள்ளேயே சுழலவிட்டு, கற்கள் போதிய அளவு காய்ந்தபின் நெருப்பை அவித்து, கதவையும் சுவரிலுள்ள சிறு துவாரத்தையும் திறந்து புகையை வெளியேற்றி, தட்டுகளைக் கழுவிவிட்டு, அதன் பிறகே மனிதர் உள்ளே புகுவர். சுவரெல்லாம் கரி படிந்திருக்கும். சாய்ந்தவர் முதுகிலும் ஒட்டிக்கொள்ளும். இத்தனை சிரமத்துக்குப் பின் கிடைக்கும் லொய்லுவின் மென்மைக்கு இணை வேறில்லை என்பது அதில் பழகியவர்களின் துணிபு. தீப்பற்றும் அபாயம் மிகுதியாகையால் இக்குடிலை வீட்டைவிட்டு விலக்கி, பெரும்பாலும் ஏரிக்கரையில் அமைத்தனர். வெந்த உடம்போடு ஓடி நீரில் பாய்வதற்கும் அதுவே வசதியாயிற்று.

நீராடுவோர் தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும் இலைக்கற்றை பிர்ச்சு மரத்தின் இளங்கிளைகளால் ஆனது. நம் பழைய ஏடுகளில் பூர்ஜம் எனப்படும் இமயமலை மரம் இதற்கு நெருங்கிய இனம். கோடையின் நடுவில் கிளைகளை வெட்டிக் கட்டி, குளிர்காலத்துக்கென உலர்த்தி வைப்பர். இதனை மேற்குப் பின்லாந்தார் 'விஹ்தா' என்றும் கிழக்கத்தியர் 'வஸ்தா' என்றும் அழைப்பர். எது சரியான பெயர் என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை, தீர்க்க யாருக்கும் விருப்பமும் இல்லை.

பண்ணை வீட்டில் வெந்நீரும் வெப்பமும் ஒருங்கே கிடைத்த இடம் சௌனா ஒன்றே. புகைக்கோ கிருமியைக் கொல்லும் குணமுண்டு. ஆதலின் பெண்கள் பிரசவத்துக்கு அங்கேயே சென்றனர். மருத்துவமனைகள் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நாட்டுப்புறக் குழந்தைகள் பலர் முதல் மூச்சை விட்டது அக்கரிபடிந்த அறையிலேதான். இறந்தோரை நீராட்டியதும், கொம்பு வைத்து இரத்தம் வாங்கியதும், முளைதானியத்தையும் ஆளிநாரையும் உலர்த்தியதும், இறைச்சியைப் புகையூட்டியதும் அங்கேதான். குடிலைக் காக்கும் குட்டித் தெய்வமொன்று அங்கே வசிப்பதாக ஐதீகம். எல்லோரும் நீராடி முடிந்ததும் கடைசி லொய்லுவை அதற்கு விட்டுவருவர்.

இம்முறை பின்னியர்க்கு மட்டும் உரியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவ் நகரில் தொகுக்கப்பட்ட ருஷ்ய நாளாகமம், அப்போஸ்தலர் அந்திரேயா நோவ்கோரோது பக்கம் வந்து, அந்நாட்டார் மரக்குடில்களைக் காயவைத்து இளங்கிளைகளால் குற்றுயிராகும்வரை தம்மை அடித்துக்கொள்வதைக் கண்டு வியந்ததாகக் கூறுகிறது. அப்போஸ்தலரின் யாத்திரை கட்டுக்கதையே ஆயினும், கதையை எழுதியவர் அந்நீராட்டை அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. சனிக்கிழமைக்குரிய 'லௌவந்தாய்' என்ற பின்னியச் சொல்லும் குளிக்கும் நாள் எனப் பொருள்படும் பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து வந்தது. பின்னியரின் சௌனா நாளும் மரபுப்படி அதுவே.

புகைபோக்கி வந்தபின் புகைச் சௌனா மெல்ல அருகிற்று. தொழில் நகரங்கள் வளரவே கட்டணம் வாங்கும் பொதுச் சௌனாக்கள் எழுந்தன; தாம்பெரே நகரில் 1906-ல் திறந்த ராயபோர்த்தி இன்றும் விறகாலேயே எரிகிறது. 1937-ல் சௌனா சங்கம் நிறுவப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மின்சார அடுப்பும் தோன்றி, அடுக்குமாடி வீட்டுக்குள்ளும் சௌனா நுழைய வழிசெய்தது.

அரசியலும் இவ்வறையை விட்டுவைக்கவில்லை. ஜனாதிபதி ஊர்ஹோ கெக்கோனென் தம் அறுபதாவது பிறந்தநாளுக்கு 1960 செப்டம்பரில் வந்த சோவியத் தலைவர் குருஷேவைத் தம் இல்லத்துச் சௌனாவில் விடியும்வரை உபசரித்தார். மறு ஆண்டே, சோவியத் இசைவோடு, பின்லாந்து ஐரோப்பியத் தடையற்ற வணிக அமைப்போடு உடன்படிக்கை செய்துகொண்டது. ஒரே அறையில் ஆடையின்றி வியர்த்தவர்கள் வெளியே வந்து பிடிவாதம் பிடிப்பது எளிதன்று போலும்!

கிழக்குப் பின்லாந்தில் 2,315 ஆண்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கவனித்து 2015-ல் வெளியான ஆய்வு, வாரம் நான்கு முதல் ஏழு முறை நீராடியவர்களிடையே திடீர் இதய மரணம் குறைந்திருந்ததாகக் கண்டது. நீராட்டு ஆரோக்கியம் தந்ததா, ஆரோக்கியமுள்ளவரே அடிக்கடி நீராடினரா என்பதைப் பிரித்தறிவது கடினம். வெப்பத்தைப் போட்டிப் பொருளாக்கியதன் பலனோ ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது: ஹெய்னோலா நகரில் 1999 முதல் நடந்த உலகப் போட்டி, 2010-ல் இறுதிச் சுற்றில் ஒருவர் உயிரிழந்ததோடு நின்றுபோயிற்று. எஸ்டோனியாவின் வோரு வட்டாரப் புகைச் சௌனாவை 2014-லும், பின்லாந்தின் சௌனா மரபை 2020-லும் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் இன்று சுமார் 30 லட்சம் சௌனாக்கள் இருப்பதாக மதிப்பிடுவர். தனக்கென ஒன்று இல்லாத குடும்பத்துக்கு, அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுச் சௌனாவில் வாரம் ஒரு மணி நேரம் முறைவைத்து ஒதுக்கப்படுகிறது.