பட்டத்துக்கு லைசென்ஸ் உண்டா, மாமா?

ஜனவரி 14 அன்று அகமதாபாத் தெருக்களில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஊரே மொட்டை மாடியில் இருக்கும். நமக்குப் பொங்கல், இவர்களுக்கு உத்தராயண். காலையில் பாலைப் பொங்கவிட்டு, சாமி கும்பிட்டு, சர்க்கரைப் பொங்கலை டப்பாவில் போட்டுக்கொண்டு நாங்களும் மாடிக்கு ஏறிவிடுவோம். பக்கத்து வீட்டிலிருந்து உந்தியு வரும், இங்கிருந்து பொங்கல் போகும். வானம் முழுக்கப் பட்டம். நாலு பக்கமும் "காய்போ சே!" என்று கூச்சல்.

ஒரு வருஷம் சென்னையிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். என்ஜினியரிங் படிக்கிற பையன். பையிலிருந்து ஒரு ட்ரோனை எடுத்தான். யாரிடமோ பழையதாக வாங்கியதாம். மேலே ஏற்றிப் பட்டங்களுக்கு நடுவே படம் பிடிக்கப் போகிறானாம். பக்கத்து மாடியிலிருந்த பெரியவர் (ரிட்டயரானவர், எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்பார்) இந்தியில் கேட்டார்: "தம்பி, அதுக்கு நம்பர் இருக்கா? லைசென்ஸ் இருக்கா?"

பையனுக்குச் சுருக்கென்றது. என்னிடம் திரும்பி, "என்ன மாமா, இங்க லட்சம் பட்டம் பறக்குது. அதுக்கெல்லாம் லைசென்ஸ் இருக்கா? எனக்கு மட்டும் என்ன சட்டம்?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "மாஞ்சா மாட்டினா றெக்கை போயிரும், உள்ள வைடா" என்று சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பி.காம். படித்த மூளைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு விதி இருந்தால் அது எந்தத் தேதியில், எதற்காக வந்தது என்று பார்க்காமல் தூக்கம் வராது. தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் கேட்ட கேள்விக்கு நேர் பதில். சிரிக்காதீர்கள். 1934-ம் வருஷத்து இந்திய விமானச் சட்டத்தில் 'விமானம்' என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. காற்றின் எதிர்வினையால் வானில் தாங்கி நிற்கும் எந்த இயந்திரமும் விமானம். பலூன், ஆகாயக் கப்பல், கிளைடர் எல்லாம் அதில் சேரும். அந்தப் பட்டியலில் பட்டமும் இருந்தது! அதாவது காகிதத்தில் பார்த்தால் உத்தராயண் அன்று அகமதாபாத்தே ஒரு விமானப் படை. யாரும் அப்படி வழக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது வேறு விஷயம். வானத்தில் எதை விட்டாலும் அது அரசாங்கத்தின் கணக்குக்குள் வரும் என்ற எண்ணம் எவ்வளவு பழையது என்பதற்காகச் சொன்னேன்.

உண்மையில் அது இன்னும் பழையது. 1783 நவம்பரில் பாரிஸில் மனிதர்கள் முதல்முறையாகப் பலூனில் பறந்தார்கள். ஐந்தே மாதம். 1784 ஏப்ரலில் பாரிஸ் போலீஸ் ஓர் உத்தரவு போட்டது. தீ வைத்து மேலே விடும் பலூன்கள் கூடாது, மற்றவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். காரணம் ரொம்ப எளிமை. ஆள் இல்லாத நெருப்புப் பலூன் யார் வீட்டுக் கூரையில் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. கவனியுங்கள், அன்றைக்கும் பயம் ஆளில்லாமல் பறப்பதன் மேல்தான்.

முதல் உலகப் போர் முடிந்ததும் 1919-ல் பாரிஸில் ஓர் உலக ஒப்பந்தம் வந்தது. ஒவ்வொரு விமானமும் ஏதாவது ஒரு நாட்டில் பதிவாக வேண்டும், உடம்பில் எழுத்துக் குறி இருக்க வேண்டும் என்றார்கள். இந்திய விமானங்களில் இன்றும் பார்க்கிற 'வி.டி.' என்ற எழுத்துகள் 1920-களின் கடைசியில் நமக்கு வந்து சேர்ந்தவை.

அடுத்து விமானிக்கு. 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம், எண் 1, ஜே.ஆர்.டி. டாடாவுக்குக் கிடைத்தது. கொடுத்தது இந்தியா-பர்மா ஏரோ கிளப். 1932 அக்டோபர் 15-ம் தேதி அவர் வி.டி.-ஏ.டி.என். என்ற பதிவு எண் கொண்ட குட்டி 'பஸ் மாத்' விமானத்தில் தபால் மூட்டையோடு கராச்சியிலிருந்து கிளம்பி, எங்கள் அகமதாபாத்தில் இறங்கி, பம்பாய் போனார். இங்கே அந்த விமானத்துக்கு எரிபொருள் வந்தது மாட்டு வண்டியில். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுபோனவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். நம் ஊருக்கும் அகமதாபாத்துக்கும் அப்படி ஒரு பழைய சொந்தம்.

இயந்திரத்துக்கு ஓர் எண், ஓட்டுபவருக்கு ஓர் உரிமம். ட்ரோனுக்கு இன்று கேட்பதும் இதே இரண்டுதான். புதுசாக யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

1944 டிசம்பரில் சிகாகோவில் உலக நாடுகள் கூடிச் செய்த விமான ஒப்பந்தத்தின் 8-ம் பிரிவைப் பாருங்கள். விமானி இல்லாமல் பறக்கும் விமானம் எதுவும் தனி அனுமதி இல்லாமல் இன்னொரு நாட்டின் மேல் பறக்கக் கூடாது என்கிறது. கடையில் ட்ரோன் வாங்குகிற காலம் வர இன்னும் அறுபது எழுபது வருஷம் இருந்தது!

அந்தக் காலம் வந்தபோது நம் நாடு என்ன செய்தது? 2014 மே மாதம் மும்பையில் ஒரு பீட்சா கடை ட்ரோனில் பீட்சா அனுப்பிப் பார்த்தது. செய்தி பரவியதும் போலீஸ் விசாரித்தது. அதே வருஷம் அக்டோபர் 7-ம் தேதி டி.ஜி.சி.ஏ. ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. விதிகள் வரும்வரை அரசு சாராத எந்த நிறுவனமும் தனி நபரும் எந்தக் காரணத்துக்காகவும் ஆளில்லா விமானம் பறக்கவிடக் கூடாது. ஒரே வரியில் தடை.

தடை இருந்ததா? காகிதத்தில் இருந்தது. அடுத்த நாலு வருஷத்தில் ட்ரோன் பறக்காத கல்யாண மண்டபம் இருந்ததா என்று நீங்களே யோசியுங்கள். தாலி கட்டும்போது தலைக்கு மேல் கொசு மாதிரி ரீங்காரம் கேட்கும். எல்லாமே சட்டப்படி குற்றம். எல்லாருக்கும் ஆல்பம் வேண்டும்.

இதே நேரத்தில் அமெரிக்கா வேறு வழியில் போனது. 2015 டிசம்பர் 21 முதல் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவர்களும் பெயரைப் பதிய வேண்டும், கட்டணம் 5 டாலர் என்றது. எந்த எடைக்கு மேல்? அதற்கென்று கூடிய குழு, ஒரு பொருள் உயரத்திலிருந்து விழுந்து தலையில் பட்டால் எவ்வளவு ஆற்றலில் உயிர் போகும் என்று கணக்குப் போட்டது. வந்த விடை 250 கிராம். ஒரு பொழுதுபோக்குக்காரர் வழக்குப் போட்டு 2017 மே மாதம் ஜெயித்தார். அதே வருஷம் டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுப் பதிவைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்திய விதிகளிலும் மிகச் சிறிய 'நானோ' வகைக்கு அதே 250 கிராம்தான் எல்லை. 2019-ல் ஒரு சீன நிறுவனம் சரியாக 249 கிராமில் ட்ரோன் கொண்டுவந்ததை இப்போது புரிந்துகொள்ளலாம். வரி விலக்கு வரம்புக்கு ஒரு ரூபாய் குறைவாக வருமானம் காட்டுகிற கஸ்டமர்களை நான் பார்த்திருக்கிறேன் :-)

நம் கதைக்கு வருவோம். 2018 ஆகஸ்ட் 27 அன்று முதல் விதிகள் வந்தன, டிசம்பர் 1 முதல் அமல். ட்ரோனுக்குத் தனி அடையாள எண், கட்டணம் 1,000 ரூபாய். இயக்குபவர் அனுமதிக்கு 25,000 ரூபாய். இது தவிர உள்துறையின் பாதுகாப்புச் சான்று, ரேடியோ அலைக்கு இன்னொரு துறையின் ஒப்புதல். அனுமதி வராவிட்டால் ட்ரோன் தானே கிளம்ப மறுக்க வேண்டும் என்று ஒரு தொழில்நுட்பம் வேறு. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு கல்யாண போட்டோகிராபர் இத்தனை கதவைத் தட்டுவாரா? தட்டவில்லை.

2020 ஜனவரியில் அரசு ஒரு வாசலைத் திறந்தது. ட்ரோன் வைத்திருப்பவர்கள் மாதக் கடைசிக்குள் இணையத்தில் தெரிவித்தால் எண் தரப்படும். 2021 மார்ச் 12-ல் புதிய விதிகள் வந்தன, அவையும் கடினம். ஜூன் 27-ம் தேதி ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் குண்டு போட்டார்கள். இனி ட்ரோனே கிடையாது என்று சொல்லிவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நடந்தது நேர்மாறு. ஜூலை மாதமே இளகிய வரைவு வந்தது. ஆகஸ்ட் 25-ல் 'ட்ரோன் விதிகள் 2021' அறிவிக்கப்பட்டது. 25 படிவங்கள் 5 ஆயின. 72 வகைக் கட்டணங்கள் 4 ஆயின. பதிவுக் கட்டணம் 100 ரூபாய். வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வரைபடம் போட்டார்கள். பச்சையில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம்.

ஏன் இப்படி மாறினார்கள்? வங்கிக்காரனுக்கு இது புரியும். 2002-ல் ரிசர்வ் வங்கி 'வாடிக்கையாளரை அறிந்துகொள்' என்று கே.ஒய்.சி.யைக் கொண்டுவந்தது. கள்ளப் பணத்தைத் தடுக்கத்தான். ஆனால் காகிதம் இல்லாத கூலித் தொழிலாளி வாசலோடு திரும்பிப் போனார். திரும்பிப் போனவர் பணத்தைப் புழங்காமல் இருந்தாரா? நம் கணக்குக்கு வெளியே புழங்கினார். 2005-ல் எளிய கணக்கு வந்த பிறகுதான் அவர் உள்ளே வந்தார். கவுன்டரில் நானே அந்த இரண்டு காலத்தையும் பார்த்திருக்கிறேன். எதிரி பதிவு செய்துகொண்டு வர மாட்டான். நல்லவன் எல்லாரும் பதிவாகி இருந்தால்தான் பதிவில்லாதவன் தனியாகத் தெரிவான். கடினமான பதிவு நல்லவனையும் கெட்டவனையும் ஒரே கூட்டத்தில் நிறுத்திவிடும்.

இதன் பலனை நான் நேரில் பார்த்தது இரண்டு வருஷம் முன்பு, ஒரு கிராமக் கிளைக்கு ஆய்வுக்குப் போனபோது. 2023 நவம்பரில் மத்திய அரசு 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தை அறிவித்திருந்தது. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன். விலையில் 80 சதவீதம், 8 லட்சம் வரை மானியம், மீதிக்குக் கடன் வசதி. அதைப் பற்றி விசாரிக்க ஒரு பெண் வந்திருந்தார். முப்பது வயது இருக்கலாம். முக்காடு போட்டிருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். ரிமோட் பைலட் சான்றிதழ்.

அந்தக் காகிதம் அவர் கைக்கு வர ஒவ்வொரு விதியாக இளக வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பு போதும் என்று 2021 விதி சொன்னது. பயிற்சிப் பள்ளியே சான்றிதழ் தரலாம், தனி லைசென்ஸ் வேண்டாம் என்று 2022 பிப்ரவரித் திருத்தம் சொன்னது. 2023 செப்டம்பர் வரை பாஸ்போர்ட் கேட்டார்கள்! அவரிடம் ஏது பாஸ்போர்ட்? வாக்காளர் அட்டையும் ரேஷன் கார்டும் போதும் என்று மாற்றிய பிறகுதான் அவர் மாதிரிப் பெண்களுக்கு வழி பிறந்தது. உரிமம் எண் 1 வாங்கியவர் டாடா குடும்பத்துப் பிள்ளை. 95 வருஷம் கழித்து என் முன்னால் உட்கார்ந்திருந்தவர் பருத்திக் காட்டுக்காரர். கிளை மேனேஜர் டீ வாங்கிவரச் சொன்னார்.

சரி, அக்கா மகன் கதை? வீட்டுக்கு வந்து ட்ரோனை எடை போட்டோம். 250 கிராமைத் தாண்டியது. அவ்வளவு சின்ன ட்ரோனைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடப் பைலட் சான்றிதழ் வேண்டாம். 2 கிலோ வரை அந்தச் சலுகை உண்டு. ஆனால் ட்ரோனுக்கு எண் கட்டாயம். விற்றவர் 2020-ல் தெரிவிக்கவில்லை. 2021 நவம்பர் 30 வரை வந்த பழைய ட்ரோன்களுக்கு இரண்டாவது வாசல் திறந்தபோதும் அவர் போகவில்லை, அதற்கு ஜி.எஸ்.டி. ரசீதும் முதல் எண்ணும் வேண்டும். 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோன் இறக்குமதிக்கும் தடை. ஆகவே அவன் கையில் இருந்தது ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டி. விற்றவர் போனை எடுக்கவில்லை. 2021 விதிகளில் அபராத வரம்பு 1 லட்சம் ரூபாய். அவன் கல்லூரிக் கட்டணத்துக்கு அக்காவும் அத்தானும் எப்படித் தவிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ட்ரோனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வெளியூரில் பிள்ளைகளை வளர்க்கிற நம் மாதிரிக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். துபாயிலிருந்து வரும் மாமாவிடம் ட்ரோன் வாங்கிவரச் சொல்லாதீர்கள். பழையது வாங்கினால் எண்ணையும் ரசீதையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பறக்கவிடும் முன் வரைபடத்தில் உங்கள் பேட்டை என்ன நிறம் என்று பாருங்கள். புது ஊரில் நம் பிள்ளை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தால், பாஷை தெரிந்த மாமா எல்லா ஊரிலும் இருக்க மாட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் சக்ரியையும் ஒரு பட்டத்தையும் அவனிடம் கொடுத்தார். "இதை யாரும் கேட்க மாட்டாங்க, விடு" என்றார். மூன்று பட்டம் அறுத்துவிட்டுத்தான் கீழே இறங்கினான்.