சங்கு எங்கட கடலில, வாள் டாக்காவில

'நியர்ஷோரிங்' எண்ட சொல் இப்ப பொருளாதாரக் கட்டுரைகளில அடிக்கடி வருது. பொருளை வாங்கும் நாட்டுக்குக் கிட்டவே தொழிற்சாலையைக் கொண்டுபோய் வைப்பதுதான் அது. வழி குறுகினால் தாமதமும் கப்பல் செலவும் குறையும். 2023இல் அமெரிக்கா சீனாவைவிட மெக்சிக்கோவிடம் கூடுதலாக இறக்குமதி செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு இது பழைய கதை. சங்கைப் பாருங்கள்.

யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலும் மன்னார்க் கடலிலும் எடுத்த சங்கில பெரும்பகுதி வங்காளத்துக்குப் போனது. அங்க மணமான இந்துப் பெண்களுக்குச் சங்கு வளையல் எங்கட தாலி மாதிரி. சுழியோடிகள் உயிர்ச்சங்கை எடுத்தார்கள். சேற்றில் புதைந்த செத்த சங்கைத் தோண்டியும் எடுத்தார்கள். ஒல்லாந்தரும் பிறகு ஆங்கிலேயரும் சங்கு குளிப்பைத் தங்கட கட்டுப்பாட்டில வைத்து வருமானம் பார்த்தார்கள். கல்கத்தா வழியாகப் போன சங்கு டாக்காவின் ஷாங்காரி பஜாரில அறுபட்டது. தொழிலாளி நிலத்தில இருந்து, காலால சங்கை அழுத்திப் பிடித்து, பிறை வடிவான பெரிய வாளால அறுப்பார்.

ஒரு காலத்தில இந்த வேலை கடலோரத்திலேயே நடந்தது. ஜேம்ஸ் ஹோர்னெல் 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூலில, மன்னார் வளைகுடாவின் அக்கரையில் உள்ள கொற்கையில் வாளால அறுத்த பழைய சங்குத் துண்டுகளைக் கண்டதாக எழுதுகிறார்.

பிறகு ஏன் வங்காளம்? எனக்குப் படுவது இதுதான். சங்கு பழுதாகாது, எத்தனை மாதம் கப்பலில கிடந்தாலும் அது சங்குதான். வளையல் அப்படியில்லை. கையளவு பார்க்க வேணும், ஊர் விரும்பும் வேலைப்பாடு செய்ய வேணும், உடைஞ்சால் உடனே வேறொன்று வேணும். அதனால செய்பவர் வாங்குபவருக்குப் பக்கத்தில இருந்தார். எங்களுக்குக் கிடைத்தது குளிப்புக் கூலி. கைத்திறனும் அதன் லாபமும் அங்கேயே தங்கின.

ஆனால் அந்தப் பக்கமும் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1947இல் வங்காளம் இரண்டாகப் பிரிந்தபோது டாக்கா கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போனது. வளையல் வாங்கியவர்களில் பெரும் பங்கினர் எல்லைக்கு மற்றப் பக்கம். சங்கறுப்போர் பலர் மேற்கு வங்கத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். 1971 மார்ச்சில பாகிஸ்தான் இராணுவம் ஷாங்காரி பஜாரையே தாக்கியது. கிலோமீற்றர் மாறவே இல்லை, இடையில எல்லை வந்துவிட்டது.

2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில பயணிகள் கப்பல் தொடங்கியதிலிருந்து, "இந்தியச் சந்தை பக்கத்திலதானே, தொழிற்சாலை தன்பாட்டில வரும்" எண்ட கதை எங்கட வயதுக்காரரிட்டையும் கேட்குது. காங்கேசன்துறையிலிருந்து கொழும்பைவிட நாகபட்டினம் கிட்டத்தான். ஆனால் சுங்க வரியும் அனுமதியும் இரண்டு அரசுகளின் மனநிலையும் சேர்ந்ததுதான் உண்மையான தூரம். பட்டம் முடித்து வேலை தேடப்போகும் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று இருக்கு: நாளைக்குச் சரக்குக் கப்பல் வந்தால், அதில ஏறப்போவது இங்க அறுத்துச் செதுக்கிய வளையலா, திரும்பவும் வெறும் சங்கா?