காட்டுவழியில் ஒரு மருந்துப் பெட்டி

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்துரைக்கின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், தீர்க்கும் மருந்து, அருகிலிருந்து துணைசெய்பவன் ஆகியவையே அந்நான்கு. மருத்துவமனை அண்மையிலுள்ள ஊரில் வாழ்வோர்க்கு இவை இயல்பாகவே வந்து கூடிவிடுகின்றன. மருத்துவரே இல்லாத நெடுங்காட்டில் பல திங்கள் நடந்து செல்பவனுக்கு இந்நான்கும் எங்ஙனம் வாய்க்கும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் காடுகளை ஊடுருவிச் சென்றோரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

அக்காலத்தில் வெளியார்க்கு ஆப்பிரிக்காவின் உள்நாடு மரண வாயிலாக இருந்தது. வனவிலங்குகளினும் மிகுதியான உயிர்களைக் காய்ச்சலே கவர்ந்தது. 1841ஆம் ஆண்டில் மூன்று நீராவிக் கப்பல்கள் பிரித்தானியாவிலிருந்து நைஜர் ஆற்றுக்குச் சென்றன. அவற்றில் இருந்த 145 ஐரோப்பியருள் 130 பேர் காய்ச்சலில் வீழ்ந்தனர். ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுக்கும் முறை 1820லேயே கண்டறியப்பட்டிருந்தது. மருந்து இருந்தது, அதனை எப்பொழுது, எவ்வளவு உட்கொள்வது என்னும் தெளிவு பரவவில்லை. 1854இல் வில்லியம் பால்ஃபர் பெய்கி என்னும் மருத்துவர் ‘பிளையட்’ என்னும் கப்பலில் அதே ஆற்றில் பயணம் செய்தார். காய்ச்சல் வருமுன்னரே நாள்தோறும் கொயினா உட்கொள்ளுமாறு தம் குழுவினரைப் பணித்தார். 118 நாள்கள் ஆற்றில் கழித்தும் அவர்களுள் ஒருவரும் காய்ச்சலால் இறக்கவில்லை. மருந்தோடு அறிவும் சேர்ந்தபொழுதே அது மருந்தாயிற்று.

இவ்வறிவைத் தம் பட்டறிவால் பெற்ற மற்றொருவர் டேவிட் லிவிங்ஸ்டன். 1813இல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், பருத்தி ஆலையில் உழைத்துக்கொண்டே கற்று, 1840இல் மருத்துவரானார். மறு ஆண்டில் தென்னாப்பிரிக்காவை அடைந்தார். 1844இல் மபோட்சா என்னுமிடத்தில் சிங்கம் ஒன்று பாய்ந்து அவருடைய இடக்கை எலும்பை நொறுக்கியது. உடனிருந்தவரோ மருத்துவர் அல்லர். எலும்பை எவ்வாறு பொருத்திக் கட்டுவது என்பதைத் தாமே சொல்லிச் சொல்லி, அவரைக் கொண்டு லிவிங்ஸ்டன் கட்டுவித்துக்கொண்டார். நோயாளியும் அவரே, மருத்துவரும் அவரே. காய்ச்சலுக்காகக் கொயினாவையும் பேதி மருந்துகளையும் கலந்து அவர் உருட்டிய மாத்திரைகள், படுத்தவரை எழுப்புவன என்னும் பொருளில், ‘லிவிங்ஸ்டனின் எழுப்பிகள்’ எனப் பெயர்பெற்றன.

ஆயினும், மருந்து அருகிலிருந்தும் அறியாமையால் உயிர் போவதுண்டு என்பதை லின்யாண்டியில் நிகழ்ந்த துயரம் காட்டிற்று. 1860இல் சமயப் பணியாளர்களான ஹெல்மோர், பிரைஸ் ஆகியோரின் குடும்பங்கள் அவ்வூரை அடைந்தன. சில வாரங்களுக்குள் ஹெல்மோரும் அவர் மனைவியும் இரு குழந்தைகளும், பிரைசின் கைக்குழந்தையும் உயிர் நீத்தனர். திரும்பும் வழியில் பிரைசின் மனைவியும் இறந்தார். நஞ்சூட்டப்பட்டோம் எனப் பிரைஸ் நம்பினார். காய்ச்சலே காரணம் என லிவிங்ஸ்டன் கருதினார். அதே ஆண்டில் அவர் அங்குச் சென்றபொழுது, 1853இல் தாம் விட்டுச்சென்ற வண்டி அப்படியே இருக்கக் கண்டார். அதனுள் மருந்துகளும் இருந்தன. அக்குடும்பங்கள் மடிந்த இடத்திற்குச் சில நூறு கஜத் தொலைவிலேயே அவை கிடந்தன என்பதை எண்ணி அவர் வருந்தினார்.

மருந்தை இழந்து மாண்டவர் பேராயர் மெக்கென்சி. ஷிரே ஆற்றில் அவருடைய ஓடம் நீரில் மூழ்கியபொழுது கொயினாவும் பிற மருந்துகளும் பாழாயின. காய்ச்சலுற்ற அவர் 1862ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் ஆற்றுத் தீவொன்றில் இறந்தார். கொயினாவே எல்லா நோய்க்கும் முடிவான காப்பு ஆகிவிடவுமில்லை. அதே ஆண்டு ஏப்ரலில், மருத்துவரான கணவர் அருகிலிருந்தும், லிவிங்ஸ்டனின் மனைவி மேரி ஷுபங்காவில் காய்ச்சலால் காலமானார்.

மெக்கென்சிக்கு நேர்ந்தது ஐந்தாண்டுகளின் பின் லிவிங்ஸ்டனுக்கும் நேர்ந்தது. 1866இல் அவர் தம் இறுதிப் பயணத்தைத் தொடங்கினார். இன்றைய சாம்பியா நாட்டுக் காட்டில், 1867ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள், சுமை தூக்கி வந்த இருவர் ஓடிப்போயினர். மருந்துப் பெட்டியை வழக்கமாகச் சுமப்பவன் அன்று அவர்களுள் ஒருவனோடு சுமை மாற்றிக்கொண்டிருந்தான். பெட்டியும் அவர்களோடு போயிற்று. கொட்டும் மழையில் தேடியும் அகப்படவில்லை. தமக்கு மரணத் தீர்ப்பு வழங்கப்பட்டதுபோல் உணர்ந்ததாகவும், மெக்கென்சியின் கதியை நினைத்ததாகவும் லிவிங்ஸ்டன் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

அதன்பின் அவர் உயிர் பிறருடைய கையில் இருந்தது. 1869இல் நுரையீரல் நோயால் நடக்கவியலாது கிடந்தபொழுது, முகமது பின் காரிப் என்னும் வணிகர் அவரைப் படுக்கையில் வைத்துத் தூக்கிச் சென்று பேணினார். அடிமை வாணிகத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவரை, அவ்வாணிகக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரே காத்தது வரலாற்றின் விந்தை! உஜிஜியை அடைந்தபொழுது, அவருக்கென அனுப்பப்பட்ட மருந்துகள் பல நாள் பயணத் தொலைவில் நின்றுவிட்டன என்னும் செய்தியே காத்திருந்தது. மறு ஆண்டில் காற்புண்கள் அவரைப் பல வாரம் முடக்கின. மலாக்கைட் என்னும் பச்சைநிறச் செம்புக் கல்லை நீர்விட்டு அரைத்து, இறகால் தொட்டுப் பூசியதே அப்புண்களுக்குப் பயன் தந்தது. பெட்டி போனாலும் கண்ணும் கருத்தும் போகவில்லை. 1871இல் ஸ்டான்லி உஜிஜிக்கு வந்து சேர்ந்தபொழுதுதான் உணவும் மருந்தும் ஓரளவு கிட்டின.

இறுதிக் காட்சி 1873ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களின் முடிவில், சித்தாம்போவின் ஊரில் நிகழ்ந்தது. குருதிப்போக்கால் மெலிந்த லிவிங்ஸ்டன் ஓர் இரவில் சூசி என்னும் துணைவரை அழைத்து, வெந்நீரும் மருந்துப் பெட்டியும் கொணரச் செய்தார். சூசி மெழுகுவர்த்தியை நெருக்கிப் பிடிக்க, பார்வை மங்கிய அம்மருத்துவர் அரிதின் முயன்று ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்தார். பின் சூசியைச் செல்லுமாறு கூறினார். விடியுமுன் துணைவர்கள் வந்து பார்த்தபொழுது, அவர் படுக்கையருகே மண்டியிட்ட நிலையில் இறந்திருந்தார். வள்ளுவர் கூறிய நான்கும் அக்குடிலில் இருந்தன. நோயாளியும் மருத்துவரும் மறைந்தனர், மருந்து பயன்தரவில்லை, நான்காம் கூறு மட்டும் எஞ்சி நின்றது.

அந்நான்காம் கூறு ஆற்றிய பணி பெரிது. முன்னர் சான்சிபாரில் மருத்துவர் ஒருவரிடம் பணியாற்றிய ஃபரிஜாலா உடலைத் திறந்து பதப்படுத்தினார். இதயத்தை அம்மண்ணிலேயே புதைத்தனர். உப்பிட்டு வெயிலில் உலர்த்திய உடலைச் சூசியும், சூமாவும், பிறரும் 1000 மைலுக்கு மேல் சுமந்து, 1874 பிப்ரவரியில் பகமோயோ கடற்கரையில் சேர்த்தனர். முப்பதாண்டுகளுக்கு முன் சிங்கம் முறித்த இடக்கை எலும்பே, அது லிவிங்ஸ்டனின் உடல் என்பதற்குச் சான்றாயிற்று.

பின்னாளில் மருந்துப் பெட்டி செம்மையுற்றது. 1887இல் மீண்டும் ஆப்பிரிக்கா சென்ற ஸ்டான்லி, அழுத்திச் செய்த மாத்திரைகள் அடங்கிய ஒன்பது பெட்டிகளைக் கொண்டு சென்றார். ஒரு மருத்துவரையும் உடன் அழைத்துக்கொண்டார். 1897இல் மலேரியாவைக் கொசுவே பரப்புகின்றது என்னும் உண்மைக்கு ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் சான்று கண்டார். அவ்வுண்மையைக் கொண்டு 1901 முதல் கிள்ளானின் சதுப்பு நிலங்களை வடித்துக் காய்ச்சலைத் தணித்த மால்கம் வாட்சன், பின்னர் இன்றைய சாம்பியாவின் செம்புச் சுரங்கப் பகுதியிலும் அப்பணியைச் செய்தார். லிவிங்ஸ்டன் பெட்டியை இழந்து தவித்த அதே நாட்டிற்கு, மலாயாவில் தேர்ந்த அறிவு துணையாகச் சென்றது.

தொலைவழி செல்பவன் மருந்தைத் தவறாது எடுத்துச்செல்லல் வேண்டும். அதனைப் பயன்படுத்தும் முறையையும் அறிதல் வேண்டும். பெட்டி ஒருநாள் தொலையக்கூடும்; கற்ற அறிவும் நோயாளி ஆனவனிடம் தளரக்கூடும். அந்நாளில் விளக்கைப் பிடித்து நிற்க ஒரு கை வேண்டும். தன்னைத்தானே காத்துக்கொள்ளுதல் என்பது, அத்தகைய கையை முன்கூட்டியே தேடி நட்பாக்கிக்கொள்ளுதலையும் உள்ளடக்கியதே ஆகும்.