பெரட்டுக்குப் பிந்திய மாத்திரை: நெகிரி செம்பிலான் தோட்டங்களும் குறுஞ்செய்தி மருத்துவமும்

மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வில், பெரியவர்களிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4. மாநிலங்களில் முதலிடம் 33.2 விழுக்காட்டுடன் நெகிரி செம்பிலானுக்கு. போர்ட்டிக்சன், ரெம்பாவ், பகாவ் வட்டாரத் தோட்டத் தமிழர்களை ‘இனிப்பு நீர்’ எனப்படும் இந்த நோய் இனத்தாலும் மாநிலத்தாலும் இரு பக்கமும் நெருக்குகிறது. கைப்பேசியில் நினைவூட்டினால் மாத்திரை போட்டுக்கொள்வார்கள் என்பது திட்டமிடுவோரின் நம்பிக்கை. அது பாதிதான் சரி.

இந்த நம்பிக்கைக்குச் சான்றாகச் சென்னைக் குழுவொன்றின் ஆய்வைக் காட்டுவார்கள். அ. இராமச்சந்திரன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 ஆண்களை இரண்டாண்டு தொடர்ந்தார்கள். குறுஞ்செய்தி பெற்றோரில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 27 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அவர்கள் நோயாளிகள் அல்லர். செய்திகள் பேசியது உணவையும் உடலுழைப்பையும்தான், மாத்திரையை அல்ல. ஏற்கெனவே நோயுற்றவர்களிடம் கேப்டவுன், ஜோகன்னஸ்பர்க், மலாவியின் லிலோங்வே ஆகிய ஊர்களில் நடந்த பெரிய சோதனையில், ஓராண்டுக்குப் பின்னும் இரத்தச் சர்க்கரையில் செய்தியால் வேறுபாடு தென்படவில்லை.

மாத்திரை தவறுவதற்கு மறதி ஒன்றே காரணமாக இருந்தால் இப்படி ஆகியிராது. தோட்டத்து நாளைப் பாருங்கள். பால்மரம் வெட்டுவோர் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும்; குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். வெட்டு முடிந்த பிறகே பசியாறுவார்கள். கிளிக்லசைடு போன்ற மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு மேட்டுநிலத்தில் நடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ஒருமுறை மயங்கியவர் மாத்திரையை ஒதுக்கிவைப்பதை நான் அசட்டை என்று சொல்லமாட்டேன். நகரத்துக் கணினி காலை ஏழு மணிக்கு எல்லாருக்கும் அனுப்பும் ‘மாத்திரை போட்டீர்களா?’ அவரிடம் உதவாது; கீழ்ப்படிந்தால் ஆபத்து.

எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ரோமன் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம், தமிழுக்கு 70தான். ‘மாத்திரை’ என்னும் நான்கெழுத்துச் சொல்லே எட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விளக்கம் சொல்ல இடமில்லாதபோது மிஞ்சுவது கட்டளை. புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல்பதிவாக அனுப்பினால் இந்தத் தடை நீங்கும். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் சேரும்.

முன்பு தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் ஆளின் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டு மருந்து கொடுத்தார். ரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்பாகி, குடும்பங்கள் சிதறிவிட்டன. கைப்பேசி எண் மட்டும் ஆளோடு போகிறது. குறுஞ்செய்திக்கு உள்ள உண்மையான வலிமை அதுவே. அரசுக் கிளினிக்கில் குடிமக்கள் கட்டுவது ஒரு ரிங்கிட்தான். ஆனால் நாள்கூலிக்காரருக்கு அங்கே போய்வந்தால் ஒருநாள் சம்பளம் போய்விடும். அதனால் ‘தலை சுற்றுகிறது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்று அவர் பதில் அனுப்பினால், அன்றே மருந்தாளரோ தாதியோ அழைத்து வேளையை மாற்றித் தர வேண்டும். அந்தப் பதிலைப் படிக்க ஆள் அமர்த்தாத திட்டத்துக்கு லிலோங்வேயில் கண்ட முடிவே இங்கும் கிடைக்கும் என்பது என் கணிப்பு.