பெஹாலாவின் விமானத் திடல்

கல்கத்தாவின் தென்மேற்கில், டயமண்ட் ஹார்பர் சாலை கழிமுகத்தை நோக்கிச் செல்லும் வழியில் பெஹாலா இருக்கிறது. சுதானுதி, கோபிந்தபூர், கலிகாதா என்னும் மூன்று கிராமங்களின் உரிமையை 1698-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்தாரின் இருப்பிடமான பரிஷா இப்பகுதியைச் சேர்ந்தது. ஆகவே கல்கத்தா நகரமாவதற்கு முன்னரே பெஹாலாவுக்குச் சரித்திரம் உண்டு. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மெட்ரோ ரயில் சாலைக்கு மேலே ஓட, கடைகளும் அடுக்குமாடி வீடுகளும் தோளோடு தோள் உரச நிற்கும் இன்றைய பெஹாலாவில், பர்ணஸ்ரீயை அடுத்து ஒரு பெரும் புல்வெளியும் அதன் நடுவே ஒரு குறுகிய ஓடுபாதையும் இருக்கின்றன. இந்திய விமான நிலைய ஆணையத்தின் வசமுள்ள இந்தத் தளத்தைச் சுற்றுவட்டாரத்தார் ‘ஃபிளையிங் கிளப்’ என்றே வழங்குகிறார்கள்.

குடியிருக்க ஓர் அறை கிடைக்காமல் ஜனங்கள் அலையும் மாநகரத்தில், நாலு பேர் ஏறிப் பறப்பதற்கு இத்தனை நிலம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், அலட்சியமாகத் தள்ளிவிடத் தக்கதன்று. சிறு விமானம் என்றாலே செல்வரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது; டிக்கெட் வாங்கிப் பெரிய விமானத்தில் ஏறுகிறவர்கூட, தம்மை ஏற்றிச் செல்லும் விமானி எங்கே, எந்த விமானத்தில் முதன்முதலாகப் பறந்தார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், நம் தேசத்தில் வான்வழிப் போக்குவரத்து வளர்ந்த கதையையே முழுதும் சொல்ல வேண்டியதாகிறது; அக்கதையில் கல்கத்தாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆகாயத்தில் ஏறும் ஆசை கல்கத்தாவுக்குப் பழையது. 1889-ஆம் ஆண்டில் பெர்சிவல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் இந்நகரத்தில் பலூனில் ஏறிக் காட்டியபோது, தேகப்பயிற்சி வித்தைகளில் வல்லவரான ராம் சந்திர சட்டர்ஜி என்ற வங்காளியர் அவரிடம் அக்கலையைக் கற்று, அதே ஆண்டில் தாமே தனியாகப் பறந்து, இந்தியர்களுள் முதல் பலூன் வீரர் என்ற புகழைப் பெற்றார். 1910-ஆம் ஆண்டு டிசம்பரில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பாரன் டி கேட்டர்ஸும் ஜூல்ஸ் டைக்கும், பெஹாலாவுக்குக் கிழக்கே இருக்கும் டாலிகஞ்சில் ஆகாயவிமானத்தை ஓட்டிக் காட்டினார்கள். அதே 1910-இல் நம் சென்னையிலும் டி ஆஞ்சலிஸ் என்னும் ஹோட்டல்காரர் தாமே முயன்று உருவாக்கிய விமானத்தில் பறந்து காட்டினார் என்பதைத் தமிழர்கள் மறந்துவிடலாகாது. ஆனால் இவையெல்லாம் வேடிக்கைகளாகவே நின்றன. ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். பார்த்த இளைஞன் தானும் பறக்க விரும்பினால் அதைக் கற்பிப்பதற்கு ஒரு பள்ளி இல்லை. கல்கத்தாவிலே பிறந்து, முதலாம் உலக யுத்தத்தில் 1918 ஜூலை மாதத்தில் பகைவரின் விமானங்கள் பத்தை வீழ்த்தி, அம்மாதத்திலேயே தம் பத்தொன்பதாம் வயதில் உயிர்நீத்த இந்திர லால் ராய், விமானம் ஓட்டக் கற்றது இங்கிலாந்திலேதான்.

அக்குறையைத் தீர்த்தவை பறக்கும் கழகங்கள். 1928-ஆம் ஆண்டை ஒட்டி, அரசாங்கத்தின் உதவியோடு டில்லி, பம்பாய், கராச்சி, கல்கத்தா ஆகிய நகரங்களில் இவை தோன்றின. 1929 பிப்ரவரியில் வங்காள கவர்னர் சர் ஸ்டான்லி ஜாக்ஸன், டம்டம் திடலில் வங்காளப் பறக்கும் கழகத்தைத் திறந்து வைத்தார். சென்னையில் 1930-இல் இத்தகைய கழகம் ஏற்பட்டது. இக்கழகங்களில் பெரும்பாலும் உபயோகப்பட்டது ஜிப்ஸி மாத் என்ற விமானம். மரச்சட்டத்தின் மீது துணி போர்த்திய இறக்கைகள் மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திறந்த ஆசனங்கள், கொட்டகைக்குள் அடங்கும்படி இறக்கையைப் பின்னால் மடித்துக்கொள்ள வசதி, அவ்வளவுதான் அதன் அமைப்பு. இந்த எளிய யந்திரம் தேசத்துக்குச் செய்த உபகாரத்தை அளவிட்டால் வியப்பே மிஞ்சும். பம்பாய்க் கழகத்தில் பயின்று 1929 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியாவின் முதலாம் எண் உரிமம் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா, 1932 அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையைச் சுமந்துகொண்டு தாமே பறந்தார். அத்தபால் சேவையிலிருந்து வளர்ந்ததே ஏர் இந்தியா. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் அறிவித்த பரிசை 1930-இல் பதினேழு வயதில் வென்ற ஆஸ்பி எஞ்சினியர், பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் தலைவராக உயர்ந்தார். சென்னைக் கழகத்தில் ஆசிரியராக இருந்த வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும், சென்னை அரசாங்கம் வாங்கிய டவ் விமானத்தை 1951-இல் இங்கிலாந்திலிருந்து 27 மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

கழகங்கள் செல்வருக்கு மட்டும் பயன்பட்டவை என்று சொல்வோருக்கு யுத்தமே பதில் சொல்லிற்று. 1939-இல் யுத்தம் மூண்டபோது, சென்னை, பம்பாய், கல்கத்தா முதலிய துறைமுகங்களின் கரையோரத்தைக் காவல் காக்க அவசரமாக அமைக்கப்பட்ட சேமப் படைப் பிரிவுகளுக்கு, கழகங்களில் பறக்கக் கற்றிருந்தவர்களே விமானிகளாகப் போனார்கள். தேசப் பிரிவினையின்போது இந்த உண்மை இன்னும் தெளிவாகப் புலப்பட்டது. அஸ்ஸாமை மற்றப் பகுதிகளோடு இணைத்த ரயில் பாதை கிழக்கு பாகிஸ்தானுக்குள் அகப்பட்டுக்கொள்ள, புதிய பாதை 1950 ஜனவரியில் முடியும் வரையில் அந்த நிலப்பரப்பு ஏறக்குறையத் தனித் தீவாகவே ஆகிவிட்டது. தேயிலையையும் தபாலையும் மருந்தையும் சுமந்து கல்கத்தாவுக்கும் வடகிழக்குக்கும் இடையே டக்கோட்டா விமானங்கள் பறந்தன. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட கலிங்கா ஏர்லைன்ஸை 1947-இல் நிறுவியவர், பறக்கும் கழகத்தில் பயின்ற பிஜு பட்நாயக். டச்சுக்காரரின் முற்றுகையை மீறி இந்தோனேசியத் தலைவர் ஷாரீரை ஜாவாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. இந்தப் பெரிய விமானங்களுக்கு விமானிகளைத் தந்தது யார் என்று பார்த்தால், மீண்டும் சிறு திடல்களின் வாசலுக்கே வந்து சேருகிறோம். வயலில் கதிர் குலுங்குவதைப் பார்த்து மகிழ்பவன், ஒரு மூலையில் ஒதுக்கிய நாற்றங்காலைக் கண்டு, இந்த இடம் வீணாகிறதே என்று சொல்லலாகாது.

நாற்று வளர்வதற்குத் தனி இடம் வேண்டும் என்பதிலேதான் பெஹாலாவின் அவசியம் அடங்கியிருக்கிறது. பயிலும் மாணவன் ஓடுபாதையிலிருந்து எழுந்து, திடலை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி இறங்கி, சக்கரம் தரையைத் தொட்டவுடனே மீண்டும் எழ வேண்டும். இதை ஒரே காலையில் பலமுறை செய்தால்தான் கை பழகும். நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு ஜெட் விமானங்கள் வரிசையாக வந்திறங்கும் டம்டம்மில் இதற்கு இடமேது? மேற்கு வங்க அரசாங்கத்தின் விமானப் பயிற்சி நிலையம் நெடுங்காலம் பெஹாலாவில் இயங்கியதற்குப் பொருள் இதுதான். இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1958-இல் பறக்கவிட்டு, ஏறத்தாழ 160 எண்ணிக்கையில் கட்டிக் கழகங்களுக்கு அளித்த புஷ்பக் விமானத்தில் பயின்ற தலைமுறை ஒன்று இத்தகைய திடல்களில்தான் உருவாயிற்று. வியாபார உரிமம் பெறுவதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த இருநூறு மணியும் சிறு விமானத்தில், சிறு திடலில் கழிகிறவை.

அங்கே கற்பிக்கப்படுவது கையின் திறமை மட்டுமன்று. காலையில் மாணவன் விமானத்தை நெருங்கியதும் செய்யும் முதல் காரியங்களுள் ஒன்று, இறக்கையின் அடியில் உள்ள சிறு வால்வை அழுத்தி, எண்ணெய்த் தொட்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்ப்பது. கல்கத்தாவின் ஈரக் காற்றில் இரவெல்லாம் தொட்டிக்குள் பனித்த நீர், பெட்ரோலைவிடக் கனமாகையால், குழாயின் அடியில் முத்துப்போல் திரண்டு நிற்கும். அந்தத் துளி எஞ்சினுக்குள் போனால், விமானம் மேலெழும் தறுவாயில் எஞ்சின் நின்றுவிடக்கூடும். ஆதலால் நீர் அறவே நீங்கும் வரையில் மீண்டும் மீண்டும் வடித்துப் பார்க்கிறான். இந்தப் பொறுமையும், எதையும் நம்பிவிடாமல் தன் கண்ணால் பார்த்துத் தெளியும் பழக்கமும்தான், பின்னாளில் அவன் நூற்றெண்பது உயிர்களைச் சுமந்து பறக்கும்போது அவர்களுக்குக் காவலாக நிற்கின்றன.

சிறு விமானத்தின் பயன் பயிற்சியோடு முடிந்துவிடுவதில்லை. கல்கத்தாவில் பறக்கும் கழகம் உருவாகிக்கொண்டிருந்த அதே 1928-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவில் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார், குளோன்கரி என்ற சிற்றூரிலிருந்து ஒரு சிறு விமானத்தில் வைத்தியரை அனுப்பி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தனித்துக் கிடந்த பண்ணைகளுக்குச் சிகிச்சை கிடைக்கும்படி செய்தார். இன்று அது அக்கண்டத்தின் பெருமைக்குரிய ஸ்தாபனம். நம் வங்கத்தின் தென்கோடியும் சுந்தரவனத் தீவுகளால் பிளவுண்டு கிடக்கிறது. புயலும் வெள்ளமும் தவறாமல் வரும் அந்நிலத்துக்கு மிக அருகே நிற்பது பெஹாலா. அண்மை ஆண்டுகளில் கங்காசாகர் முதலிய இடங்களுக்கு இங்கிருந்து ஹெலிகாப்டர்கள் சென்று வந்தது இத்திடலின் இயற்கையான கடமையை நினைவூட்டுகிறது.

இருந்தும் சிறு விமானப் பறத்தல் நம் நாட்டில் நலிந்தே நிற்கிறது. அதன் பெட்ரோல் பெரிய விமானங்களின் எண்ணெயினின்று வேறுபட்டது. வெளிநாட்டிலிருந்தே நெடுங்காலம் வரவழைக்கப்பட்ட அதனை 2022-இல்தான் இந்தியன் ஆயில் வடோதராவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. பயிற்சிக் கட்டணம் நடுத்தரக் குடும்பத்தின் சக்திக்கு மீறியது. இருப்பவர் பிள்ளைகள் வெளிநாடு சென்று கற்றுத் திரும்ப, இல்லாதவர் பிள்ளைகளின் ஆசை மனத்துக்குள்ளேயே மடிந்துவிடுகிறது. உள்ளூரில் திடல்கள் உயிரோடிருந்து, அரசாங்கம் கைகொடுத்தால் மட்டுமே தையற்காரர் மகளும் டிராம் கண்டக்டர் மகனும் விமானியாக முடியும். இந்தியன் ஏர்லைன்ஸின் முதல் பெண் விமானி துர்பா பானர்ஜி வங்காளத்தின் புதல்வி என்று பெருமை கொள்ளும் கல்கத்தா, அவரைப் போன்ற இன்னும் நூறு பேருக்கு வழி திறந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விமானத்தை எந்த நாளிலும் விலைக்கு வாங்கலாம். ஆசிரியரையும் தேடி அமர்த்தலாம். மாநகரத்தின் நடுவே ஒரு திடலை இழந்துவிட்டால், மறுபடி அதைப் பெற எந்த அரசாங்கத்தாலும் முடியாது; ஓடுபாதையின் முனையில் எழும் ஒவ்வொரு மாடியும் விமானம் இறங்கும் வழியை ஓரளவு அடைத்துக்கொண்டே போகிறது. ஆகையால் பெஹாலாத் திடலின் எல்லையைக் காப்பதும், அதைச் சுற்றி எழும் கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு கட்டுவதும், அங்கே பயிற்சி நடப்பதற்கு வேண்டிய ஆதரவைத் தருவதும், பறக்கிறவர்களைவிடப் பறக்காத பொதுஜனங்களுக்கே அதிக அக்கறைக்குரிய காரியங்கள் என்பது நம் துணிபு.